இரட்டைப் பிள்ளைகளில் எதை வாங்குவது?

மோட்டார்க் கார் வாங்குவதைப் பற்றி நம்மிடம் யோசனை கேட்க வருகிறவர்களில் முக்காற்பங்கினர், முடிவைச் செய்துகொண்ட பின்னரே வருகிறார்கள். நாம் தலையசைத்தாற் போதும், மகிழ்ச்சியோடு திரும்பிவிடுவார்கள். சென்ற மாதம் வந்த சிநேகிதர் அப்படிப்பட்டவரல்லர். நம்மைப் போலவே ஆசிரியத் தொழில் செய்பவர். இருபது ஆண்டுகளாக மோட்டார்ச் சைக்கிளிலேயே காலத்தைக் கடத்தியவர். தாயாருக்கு முழங்கால் வலி. கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. மகளுக்குப் பேராதனையில் அனுமதி கிடைத்திருக்கிறது. சேமிப்பு ஒரு பங்கு, லீசிங் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். தமது கைத்தொலைபேசியை நம்முன் நீட்டினார். அதிலே இரண்டு வெள்ளைக் கார்களின் படங்கள்.

ஒன்று டொயோட்டா றைஸ். மற்றது டைஹட்சு றொக்கி. இரண்டும் 2022இல் ஜப்பானில் உற்பத்தியானவை. ஒரே எஞ்சின், ஓடிய தூரத்திலும் பெரிய வித்தியாசமில்லை. விலையில் மட்டும் றைஸ் பல இலட்சம் ரூபா உயரத்தில் நின்றது.

"மாஸ்டர், இதிலை எது நல்ல கார்?" என்று கேட்டார்.

"இரண்டும் ஒரே கார்" என்றோம். அவர் நாம் பகிடி பண்ணுவதாக நினைத்துவிட்டார்.

பகிடியன்று. 2019 நவம்பரில் ஒரே காலத்தில் வெளிவந்த இவ்விரு கார்களையும் வடிவமைத்தது டைஹட்சு நிறுவனம். ஜப்பானிலே இரண்டும் உருவாவது சிகா மாகாணத்து றியூஒ என்னுமிடத்திலுள்ள டைஹட்சு தொழிற்சாலையில்தான். 1907இல் ஒசாக்காவிலே தோன்றிய அந்நிறுவனம் 2016 முதல் முழுமையாக டொயோட்டாவின் உடைமையாக இருந்து வருகிறது. 2022 நவம்பரில் சுபாறு நிறுவனமும் இதே காருக்கு றெக்ஸ் என்று பெயரிட்டுத் தன் கடையில் வைத்தது. மலேசியாவிலே பெறொடுவா அற்றிவா என்ற பெயரில் ஓடுவதும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

முன்முகத் தட்டும், பம்பரும், விளக்குகளின் தோற்றமும், பெயர்ப்பட்டையும் வேறு. ஆசனத் துணியிலும் சிறு அலங்காரங்களிலும் மாற்றமுண்டு. பொனற்றைத் திறந்தால் வேற்றுமை போய்விடும். அடிச்சட்ட எண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை கிடைக்கும்: 1.2 லீற்றர் றைஸின் மாதிரிக் குறி ஏ201ஏ. றொக்கியின் குறி ஏ201எஸ். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கிறது. விபத்தைத் தவிர்க்க உதவும் கருவித் தொகுதிக்கு டொயோட்டா தானே வடிவமைத்த கார்களிலே சொந்தப் பெயர் வைத்திருக்க, றைஸிலே டைஹட்சுவின் 'ஸ்மார்ட் அசிஸ்ட்' என்ற பெயரே நிற்கிறது.

இவ்வகை வண்டியை 'குறொஸ் ஓவர்' என்கிறார்கள். ஜீப்பின் தோற்றத்தைச் சிறிய காரின் சட்டத்தில் ஏற்றி வைத்ததுதான் அது. நம் ஊருக்கு இது பொருந்துவதற்குக் காரணம் தோற்றமன்று, அளவு. நீளம் 3,995 மில்லிமீற்றர், அகலம் 1,695. ஜப்பானியச் சட்டப்படி சிறிய கார் என்ற வகுப்புக்கு அகல எல்லை 1,700. அந்த எல்லைக்குள் அடக்குவதற்காகவே ஐந்து மில்லிமீற்றர் குறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜப்பானியச் சந்துகளுக்காக வகுத்த அளவு கொக்குவில் ஒழுங்கைகளுக்கும் சரியாக வந்துவிட்டது. நிலத்திலிருந்து அடித்தட்டு 185 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதால் மதகு மேட்டிலும் மாரிகாலத்துப் பள்ளங்களிலும் வயிறு உரசாது. மிகத் தாழ்ந்து உட்காரவும் வேண்டாம், ஏறி உட்காரவும் வேண்டாம் என்பது முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் பெரிய உபகாரம்.

ஆகவே, இரண்டு பெயர்களில் எது என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, எந்த எஞ்சின் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளும்படி நண்பருக்குச் சொன்னோம். வாங்குகிறவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

தொடக்கத்தில் இக்காருக்கு 996 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள, மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் ஒன்றே இருந்தது. 98 குதிரைவலு. 2021 நவம்பரில் 1.2 லீற்றர் எஞ்சினும் ஹைபிரிட் வகையும் ஜப்பானியச் சந்தையில் சேர்ந்தன. அப்போது அங்கே டர்போ எஞ்சினை நாற்சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபொழுது வரி எஞ்சின் கொள்ளளவுப்படி படிபடியாக ஏறுவதாக அமைந்திருந்தது. ஆயிரத்துக்குக் கீழ் என்றால் வரி குறைவு என்று கேள்விப்பட்டவர்கள், டர்போவைத் தேடினார்கள். 2021 நவம்பருக்குப் பின் ஜப்பானியச் சந்தைக்கென உற்பத்தியான டர்போ கார் நாற்சக்கர இயக்கத்தோடுதான் வரும் என்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ! பனிமலை ஏறுகிறவனுக்கு அது வேண்டும். மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத குடாநாட்டிலே ஏறத்தாழ 70 கிலோகிராம் மேலதிகச் சுமையை ஆண்டு முழுவதும் காவித் திரிவானேன்?

பெற்றோல் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஜப்பானியச் சோதனைப்படி ஒரு லீற்றருக்கு நாற்சக்கர டர்போ 17.4 கிலோமீற்றரும், 1.2 லீற்றர் வண்டி 20.7 கிலோமீற்றரும், ஹைபிரிட் 28 கிலோமீற்றரும் ஓடும். நம் தெரு வெயிலிலே, குளிரூட்டியும் போட்டு ஓடுகையில், மூன்றும் இதற்குக் கீழேதான் நிற்கும். ஆனால் ஒப்பிடுவதற்கு இது போதும். நண்பரின் மாத ஓட்டம் 600 கிலோமீற்றர். அதற்கு டர்போவுக்கு 34½ லீற்றர், 1.2க்கு 29 லீற்றர், ஹைபிரிட்டுக்கு 21½ லீற்றர். ஹைபிரிட்டால் மிஞ்சுவது மாதம் ஏழரை லீற்றர். ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லீற்றர். அன்றைய பெற்றோல் விலையால் இதைப் பெருக்கி, ஹைபிரிட்டுக்குக் கேட்கும் மேலதிக விலையை அந்தத் தொகையால் வகுத்தால், கொடுத்த பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். வாடகைக்கு ஓடுகிறவர்களுக்கும், நாள்தோறும் கிளிநொச்சிக்குப் போய்வருகிறவர்களுக்கும் விரைவில் திரும்பும். நம் நண்பருக்கு அவர் ஓய்வு பெறும்வரை திரும்பாது.

ஹைபிரிட்டின் அமைப்பு கெட்டித்தனமானது என்பதையும் சொல்லவேண்டும். அதிலே பெற்றோல் எஞ்சின் சில்லைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் உண்டாக்குவது மட்டுமே அதன் வேலை. சில்லைச் சுழற்றுவது மின்மோட்டார். புறப்படும்போது சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போகும். நமக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இனிப் பெயர் விஷயத்துக்கு வருவோம். டொயோட்டா என்ற பெயரிலே நம்மவர்க்குள்ள நம்பிக்கை சும்மா வந்ததன்று. தலைமுறையாக உழைத்துக் காட்டிய பெயர். ஆனால், அந்த நம்பிக்கையை இந்தக் காரில் ஏற்றும்போது சற்று நிதானிக்க வேண்டும். 2023 மே மாதத்தில், றைஸ் ஹைபிரிட், றொக்கி ஹைபிரிட் ஆகிய இரண்டினதும் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை டைஹட்சு ஒப்புக்கொண்டது. கம்பத்தில் மோதினால் என்னவாகும் என்று இரு பக்கமும் தனித்தனியே அளந்து காட்டவேண்டிய சோதனையிலே, ஒரு பக்கத்து அளவீட்டையே மறுபக்கத்துக்கும் கொடுத்திருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் தேதி வெளிவந்த விசாரணை அறிக்கையோ 64 மாதிரிகளில் 174 முறைகேடுகளைக் கண்டது. டொயோட்டா பெயரில் விற்ற வண்டிகளும் அவற்றுள் அடங்கும். விநியோகம் முழுவதும் நிறுத்தப்பட்டு, 2024இல் ஜப்பானிய அரசின் சரிபார்ப்புக்குப் பின்பே படிப்படியாகத் தொடங்கிற்று. வண்டி ஒன்றாக இருக்கும்போது குறையும் ஒன்றே, சரிபார்ப்பும் ஒன்றே. முகத்தட்டிலுள்ள பெயர் எந்தப் பக்கத்துக் கதவையும் பலப்படுத்தாது.

நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மாஸ்டர், விக்கப் போகேக்கை ஆர் இதைக் கேக்கப் போயினம்?" என்றார்.

நல்ல கேள்வி. ஐந்தாறு ஆண்டு கழித்து விற்கும்போது, வாங்க வருகிறவன் தொழிற்சாலையைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்ப்பான். நம் நாட்டிலே கார் என்பது ஒரு வகையிற் சேமிப்புந்தான். றைஸுக்கு அதிகமாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி விற்கும்போது திரும்பி வரும். கைப்பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் றைஸை எடுத்தால் நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால், நண்பர் கடன் எடுக்கிறவர். உதாரணமாக, இரண்டுக்கும் விலை வித்தியாசம் 5 இலட்சம், வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்று வைத்துக்கொண்டால், முதலாண்டில் மாத்திரம் அந்தப் பெயர்ப்பட்டைக்காக 60,000 ரூபா வட்டி போகிறது. மகளின் விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் தொடங்கும் ஆண்டும் அதுதான். நண்பருடைய மனைவி அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், இந்த இடத்தில் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தார். வரும்போது அவருடைய முகத்தில் முடிவு இருந்தது.

றொக்கிக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்ற பயத்தையும் நண்பர் கிளப்பினார். எஞ்சினுக்கும் கியருக்கும் பிறேக்குக்கும் அந்தப் பயம் வேண்டியதில்லை. றைஸுக்கு வரும் பாகமே இதற்கும் வரும். முன்பக்கம் மட்டும் உண்மையிலே வேறு. இரவிலே ஏ9 வீதியில் மாடொன்று குறுக்கே வந்துவிட்டால், றைஸின் பம்பரை வாங்குவது போல் றொக்கியின் பம்பரைக் கண்ட இடத்தில் வாங்க முடியாது. விளக்குக்கும் அப்படித்தான். இதை மறைத்துவிட்டு யோசனை சொல்வது நியாயமன்று என்பதால் சொல்லிவைத்தோம்.

கொழும்புக்குப் போகும்போது செய்யவேண்டியவற்றையும் குறித்துக் கொடுத்தோம். ஜப்பானிய ஏலத்தாளைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள அடிச்சட்ட எண்ணை வண்டியிலுள்ள எண்ணோடு தாமே ஒப்பிடவேண்டும். விற்பவர் கையிலே பிடித்துக்கொண்டு காட்டுவது போதாது. தரத்துக்குரிய கட்டத்தில் 'ஆர்' என்ற எழுத்திருந்தால் அந்த வண்டி விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது. தாளிலுள்ள தூரத்தைவிட மானியிலுள்ள தூரம் குறைவாக இருந்தால் அப்படியே படலையைத் திறந்து வெளியே வந்துவிடலாம். குளிரூட்டியை அரைமணி நேரம் வெயிலில் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். பின்தட்டைத் தூக்கித் துணைச் சில்லு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயாரையும் அழைத்துப் போய் ஏற்றி இறக்கிப் பார்க்கும்படி சொன்னோம். நண்பர் சிரித்தார், ஆனால் அழைத்துப் போனார்.

இந்தப் பரீட்சையில் இரண்டு கார்களும் ஒன்றுபோலவே தேறின. ஒரே உயரக் கதவு, ஒரே உயர ஆசனம். அந்த அம்மையார் இரண்டிலும் ஏறி இறங்கிவிட்டு, பின் ஏன் இரண்டு விலை என்று விற்பனையாளரிடம் கேட்டாராம். அவர் பெயர்ப்பட்டையைக் காட்டினாராம்.

வெள்ளை றொக்கி இப்பொழுது நண்பருடைய வளவிலே, மாமரத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. மிஞ்சிய பணத்தில் மகளுக்கு ஒரு மடிக்கணினி வந்திருக்கிறது. ஒழுங்கையால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், றைஸ் எடுத்திட்டியள் போலை?" என்று கேட்கிறார்கள். நண்பர் மறுப்பதில்லை, தலையை ஆட்டிவிடுகிறார். திண்ணையிலிருக்கும் தாயார்தான் விடுகிறாரில்லை. "இல்லைப் பிள்ளை, இது றொக்கி" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திருத்துகிறார்.