பந்துப் பாம்பும் நம் பொறுப்பும்

விடுதியில் என் அடுத்த அறை நண்பர் சென்ற மாதம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பழுப்பும் கருப்பும் கலந்த மேனி, சின்னஞ்சிறு தலை, உள்ளங்கைக்குள் உருண்டையாய்ச் சுருண்டு கிடக்கும் ஒரு குட்டிப் பாம்பு. “அழகாயிருக்கிறதல்லவா? நஞ்சில்லையாம். சத்தம் போடாதாம். வாரம் ஒருமுறை இரை போட்டால் போதுமாம். நாம் நால்வரும் பணம் சேர்த்து ஒன்று வாங்கினால் என்ன?” என்றார். அறையிலிருந்த அனைவரும் ஆமோதித்தனர். பாம்பென்றால் படையும் நடுங்கிய காலம் போய்விட்டது. இன்று பாம்பென்றால் படம் பிடிக்கப் படை திரளுகிறது!

“வேண்டாம்” என்றேன் நான். அன்று அரைகுறையாகச் சொன்ன காரணத்தை இன்று நம் சங்க ஏட்டின் வாயிலாக முழுமையாகச் சொல்ல விழைகிறேன். பாம்பைக் கண்டு அஞ்சுகிறவன் சொல்லும் சொல்லல்ல இது; பாம்போடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவன் சொல்லும் சொல்.

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் எங்கள் பகுதி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் எங்கள் இளைஞர்கள் பலருக்கு வாழ்க்கை என்பது விடியலில் ரயிலேறிப் பெங்களூர் செல்வதும் இரவில் வீடு திரும்புவதும்தான். என் பெரியம்மா மகனும் அப்படிப்பட்டவரே. 2019ஆம் ஆண்டில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், வெளிநாடு புறப்படும் அவசரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டியை அண்ணன் கையில் கொடுத்து, “இரண்டே மாதம் பார்த்துக்கொள்” என்றார். மாதங்கள் ஆண்டுகளாயின. கொடுத்தவர் திரும்பவில்லை, பெட்டியில் இருந்ததோ எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

“பால் பைத்தான்” என்று அண்ணன் பெயர் சொன்னதும், பால் குடிக்கும் பாம்பு போலும் என்றெண்ணி, அம்மா ஒரு கிண்ணம் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்! பால், பசும்பாலல்ல, ஆங்கிலத்துப் பந்து. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. பாம்பு பாலை இரையாகக் கொள்வதில்லை. அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். பந்துப் பாம்பின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும். அங்கே புல்வெளிகளில், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வெளிவரும். சிறு பாலூட்டிகளையும் பறவைகளையும் பிடித்துத் தின்னும். உதட்டோரக் குழிகளால் இரையின் உடற்சூட்டை உணரும்.

இந்த வரலாற்றை அறிந்தால்தான் பராமரிப்பு புரியும். வளையில் வாழும் உயிருக்கு வெட்டவெளிப் பெட்டி சிறையல்ல, சித்திரவதை. ஆகவே உடலை ஒட்டினாற்போல் நுழைந்து ஒளிய இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்று சூடான பக்கத்தில், மற்றொன்று குளிர்ந்த பக்கத்தில். சூடான பக்கம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ். மறுபக்கம் 26 டிகிரி. தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி அது. இங்குமங்கும் நகர்ந்துதான் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். சூடு குறைந்தால் இரை செரிக்காது. கூடினால் வயிறு வெந்துவிடும். அதனால் தெர்மோஸ்டாட் என்னும் கருவியின்றிச் சூட்டுத் தகட்டை வைக்கவே கூடாது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் தோலைச் சட்டைபோல் ஒரே உரியாக உரிக்கும். குறைந்தால் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு துன்புறும்.

இரையோ? குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை. உடலின் மிகப் பருத்த பகுதியின் பருமனுக்கு மேற்படாத எலி. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடக்கூடாது. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். தெருவில் பிடித்த எலியும் ஆகாது. அது எந்த விஷ மருந்தைத் தின்றதோ, எந்த நோயைச் சுமந்ததோ யாரறிவார்? வளர்ப்பு எலியை உறைய வைத்து, பின் உறைநீக்கி, வெந்நீரில் சூடேற்றி, இடுக்கியால் நீட்ட வேண்டும். “எலி வைக்கிற பெட்டியில் என் இட்லி மாவு இருக்காது” என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அண்ணன் தன் சம்பளத்தில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி வாங்க நேர்ந்தது!

இனி, என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரை விழுங்கியபின் இரண்டு நாளேனும் பாம்பைத் தொடக்கூடாது என்று அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிறு, என் வகுப்புத் தோழர்கள் வந்தார்கள். வீரத்தைக் காட்ட வேண்டாமா? முந்தின இரவு உண்ட பாம்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அன்றிரவு அது உண்டதனைத்தையும் கக்கிவிட்டது. ஒருமுறை கக்கினால் செரிமான நீரும் வீணாகி உள்ளுறுப்புகள் நலிந்துவிடும். பத்து நாளுக்கு மேல் வெறும் வயிற்றோடு ஓய்வு கொடுத்து, சின்னஞ்சிறு இரையில் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. ஐந்து நிமிடக் கைதட்டலுக்கு அந்த உயிர் கொடுத்த விலை அது!

அந்த ஆண்டு நவம்பரில் வேறொரு சோதனை. பாம்பு இரையைத் தொடவேயில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம்! “வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குதே, வாயைத் திறந்து ஊட்டுங்கடா” என்று அம்மா கண்கலங்கினார். நம் இல்லங்களில் அன்பென்றால் உணவு. உண்ணாதவரைக் கெஞ்சி உண்ண வைப்பதே பாசம். ஆனால் பந்துப் பாம்பு குளிர்காலத்தில் பல வாரம் உண்ணாதிருப்பது இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் அச்சத்தால் மேலும் நலிவுறும். அண்ணன் செய்தது ஒன்றே: வாரந்தோறும் சமையல் தராசில் நிறுத்தார். 1,400 கிராம் இருந்தது, பத்து வாரத்தில் 1,350 ஆயிற்று. எடை சட்டென்று சரிந்தாலோ, வாயில் நுரை கட்டினாலோ, மூச்சில் சீறல் கேட்டாலோ மருத்துவரிடம் ஓட வேண்டும். இல்லாவிடில் சூட்டையும் ஈரத்தையும் சரிபார்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதும் பராமரிப்பே என்பதை அன்றுதான் கற்றேன். பிப்ரவரியில் ஒரு நாள், ஒன்றுமே நடவாததுபோல் எலியைக் கவ்விக்கொண்டது!

அந்தக் குளிர்காலத்தில்தான், ஓர் இரவு மின்சாரம் நின்றது. தங்கவயல் மார்கழிக் குளிர் நீங்கள் அறியாததல்ல. பெட்டியின் சூடு மளமளவென்று இறங்கியது. அண்ணன் இரவு வேலையில் பெங்களூரில். நான் போர்வைக்குள் புகுந்து, “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். சுரங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தா எழுந்து உட்கார்ந்தார். “டேய், நாங்க அடியில எறங்குறப்ப, மேல இருக்கிறவன் காத்து அனுப்புவான்னு நம்பித்தான் எறங்குவோம். அவன் தூங்கிட்டா நாங்க இன்னா ஆவறது? இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதுக்கு நீதான்டா மேல இருக்கிறவன்” என்றார். விடியும்வரை பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்தோம்.

நண்பர்களே! என் கருத்தின் சாரம் தாத்தாவின் அந்தச் சொல்லில் இருக்கிறது. நாயானால் பசித்தால் குரைக்கும். பூனையானால் வேறு வீடு தேடும். பந்துப் பாம்போ, குளிர்ந்தாலும் கூவாது, வெந்தாலும் அலறாது. அதன் சூடு, இருட்டு, நீர், இரை அத்தனையும் நம் கையில். அந்தக் கை எத்தனை ஆண்டு தளராமல் இருக்கும்? நன்கு பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் ஒருவர் கொடுத்த பந்துப் பாம்பு, 60 வயது கடந்து, 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது! மூன்றாண்டுப் பட்டத்திற்கு வந்த நாம், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதை யாரிடம் விட்டுச் செல்வோம்? “இரண்டே மாதம்” என்று சொல்லியா?

“பண்ணையில் பிறந்ததுதானே?” என்கின்றனர் சிலர். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகும் குட்டிகளில் பல, காட்டிலிருந்து எடுத்துவந்த முட்டைகளிலும் சினைப் பாம்புகளிலும் தோன்றியவை. நிறத்திற்காகக் கலந்து வளர்க்கும் வகைகளிலும் கொடுமை உண்டு. “ஸ்பைடர்” என்னும் வகை, பிறவியிலேயே நரம்புக் கோளாற்றால் தலை தள்ளாடித் துன்புறுகிறது. நம் நாட்டுக்குள் அவை வரும் வழியோ வெட்கக்கேடு. 2023 செப்டம்பர் 6 அன்று பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 78 விலங்குகள் அகப்பட்டன. அவற்றில் 55 பந்துப் பாம்புகள், 17 ராஜநாகங்கள், எஞ்சிய 6 குரங்குகளும் பிணங்கள்! எங்கள் ஊர் ரயில் போய்ச் சேரும் நகரத்தில் நடந்த கதை இது. நாம் ஆசையோடு நீட்டும் பணம்தான் அந்தப் பெட்டிகளை நிரப்புகிறது.

சட்டத்தையும் அறிக. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளாலும், பந்துப் பாம்பு போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பரிவேஷ் 2.0 இணையதளத்தின் வழியே பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அண்ணன், 2020இல் மத்திய அரசு தாமாக முன்வந்து அறிவிக்க வாய்ப்பளித்தபோதே அறிவித்து, 2024இல் பதிவும் செய்தார். தாளின்றிக் கைமாற்றாய் விற்பவரிடம் வாங்குவது, கடத்தலில் பங்கு வாங்குவதேயாகும்.

“சலித்தால் காட்டில் விட்டுவிடலாமே?” என்பார் உளர். கூடவே கூடாது! அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்ப்போரிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலக் காட்டின் சிற்றுயிர்களைச் சூறையாடிவிட்டன. அவற்றைப் பிடிக்க, 2017இல் நம் தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் கடல் கடந்து அழைத்தார்கள். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினர் அப்பெருமக்கள். 2023இல் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பந்துப் பாம்பு அவ்வளவு பெரிதல்ல என்பது மெய். ஆயினும் அயலுயிரை நம் காட்டில் விடுவது அதற்கும் கேடு, காட்டிற்கும் கேடு.

எனவே என் முடிவு இது. இல்லாதவர் வாங்க வேண்டாம். கைக்கு வந்துவிட்டவர் கைவிட வேண்டாம்; பதிவு செய்யுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், இயலாதபோது வனத்துறையை நாடுங்கள். பாம்பின்மீது உண்மையிலேயே காதல் கொண்டோருக்குச் சென்னைக் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சென்று பாருங்கள், தோளில் போட்டுக்கொண்டு படமெடுப்பதைவிட அங்கே கற்பது மிகுதி.

அடுத்த அறை நண்பர் இதைப் படித்துவிட்டு என்னோடு வாதிட வருவார், வரட்டும். விடுமுறையில் அவரை ஸ்கெலட்டனுக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். ஒரு வாரம் அவர் அந்தப் பெட்டியைத் துடைக்கட்டும், தண்ணீர் மாற்றட்டும், நள்ளிரவில் எழுந்து சூடு பார்க்கட்டும். தொட மட்டும் வேண்டாம். அதன் பின்னும் “வாங்குவோம்” என்பாரானால், என் தாத்தாவிடம் பேசிக்கொள்ளட்டும்!