ரஸிகர்களின் தீர்ப்பு

பதினெட்டு வருஷ காலம் ஒரு படத்திற்காகக் காத்திருந்த ஜனங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்பது விநோதமான காட்சியாகும். 2025-ம் வருஷம் ஜூன் மாதம் வெளிவந்த ‘28 இயர்ஸ் லேட்டர்’ என்னும் பிரிட்டிஷ் படத்தின் விஷயத்தில் இதுவே நடந்தது. பத்திரிகை விமர்சகர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் அதைப் பாராட்டினர். தங்கள் அபிப்பிராயத்தைப் பதிவு செய்த பொதுஜனங்களிலோ பத்தில் ஆறு பேருக்குச் சற்று அதிகமானவர்களே திருப்தி தெரிவித்தனர். படம் உலகெங்கும் சுமார் 15 கோடி டாலர் வசூலித்தது. ஆகவே வந்தவர்களின் தொகைக்குக் குறைவில்லை. வந்தவர்களின் மனந்தான் ஒன்றுபடவில்லை. இதற்குக் காரணம் யாது? விஷயம் வெறும் கேளிக்கையைப் பற்றியதுதானே என்று சிலர் ஒதுக்கிவிடலாம். நாம் அவ்விதம் கருதவில்லை. ஒரு தேசத்தார் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள், எதைக் காண மறுக்கிறார்கள் என்பது அவர்களுடைய கேளிக்கைகளில் தெரிவதைப் போல வேறெங்கும் தெரிவதில்லை.

முன்கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 2002-ம் வருஷத்தில் டானி பாயில் என்ற டைரக்டரும் அலெக்ஸ் கார்லண்ட் என்ற எழுத்தாளரும் சேர்ந்து ‘28 டேஸ் லேட்டர்’ என்ற படத்தை வெளியிட்டனர். ‘ஜோம்பி’ என்னும் நடமாடும் பிணங்களைப் பற்றிய படங்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் பழைய படங்களில் பிணங்கள் தள்ளாடி நடந்தன. இந்தப் படத்தில் வெறிநோய் பீடித்த மனிதர்கள் உயிரோடு, மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய சிறிய டிஜிட்டல் காமிராவைக் கொண்டு எடுத்த படம் அது. செலவு சுமார் 80 லக்ஷம் டாலர். வசூல் அதைப் போல் பத்து மடங்கு. ஆளரவமற்ற லண்டன் நகரில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மீது கிலியன் மர்பி தன்னந்தனியாக நடந்து செல்லும் காட்சியைக் கண்டவர்கள் அதை மறக்கவில்லை. 2007-ல் இரண்டாவது படம் வேறொரு டைரக்டரின் கையால் வந்தது. அதன் பின் நீண்ட மௌனம்.

அந்த மௌனம் 2024-ம் வருஷம் டிஸம்பர் மாதம் வெளியான முன்னோட்டத்தால் கலைந்தது. அதில் ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘பூட்ஸ்’ என்ற கவிதையை 1915-ல் ஒரு நடிகர் ஓதிய ஒலித்தட்டை ஓடவிட்டிருந்தனர். தென்னாப்பிரிக்க யுத்தத்தில் கால் ஓயாது நடந்து சித்தம் கலங்கிய சிப்பாயின் புலம்பல் அது. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. போதாக்குறைக்கு, முன்னோட்டத்தில் கணநேரம் தோன்றிய எலும்பும் தோலுமான ஓர் உருவத்தைப் பார்த்து, அது கிலியன் மர்பியே என்று ரஸிகர்கள் முடிவு கட்டினர். அது அவர் அல்ல. அவர் இந்தப் படத்தில் நடிக்கவே இல்லை. இவ்வாறு, படம் வருமுன்னரே ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு படம் ஓடிமுடிந்துவிட்டது. பின்னால் திரையில் வந்தது அந்தப் படத்தோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

திரையில் வந்தது என்ன? பிரிட்டன் முழுவதையும் பிற தேசங்கள் நோய்த்தடைக் காவலில் வைத்து, கப்பல்களால் சூழ்ந்து கொண்டிருக்கின்றன. வடகிழக்குக் கரையோரம் லிண்டிஸ்பார்ன் என்ற சிறு தீவில் ஒரு சமூகம் மதில் எழுப்பி வாழ்கிறது. கடல் வற்றும்போது மாத்திரமே தலைகாட்டும் ஒரு பாதைதான் அதைக் கரையுடன் இணைக்கிறது. ஸ்பைக் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தந்தை வில்லும் அம்பும் கொடுத்து முதல் கொலைக்காகக் கரைக்கு அழைத்துச் செல்கிறான். இந்தப் பகுதியில் ஓட்டமும் திகிலும் குறைவின்றி இருக்கின்றன. ஆனால் பின்பாதியில், அந்தச் சிறுவன் நோயுற்ற தன் தாயை, பைத்தியக்காரர் என்று தீவார் ஒதுக்கிய ஒரு டாக்டரிடம் அழைத்துப் போகிறான். அந்த டாக்டரோ வெறிநோயில் இறந்தவர்கள், நோயின்றி இறந்தவர்கள் என்ற பேதமின்றி எல்லோருடைய எலும்புகளையும் சுத்தி செய்து, மண்டையோடுகளால் ஒரு கோபுரமே எழுப்பி வைத்திருக்கிறார். தாய்க்கு வந்திருப்பது வெறிநோயன்று, புற்றுநோய் என்கிறார். தாய் அவர் கையால் அமைதியாக மரணத்தை ஏற்கிறாள். மகன் அவள் தலையோட்டைக் கோபுரத்தின் உச்சியில் வைக்கிறான்.

இதைக் கண்டுதான் ஒரு சாரார் சினங்கொண்டனர். “பயப்படுவதற்கு வந்தோம், அழ வைத்து அனுப்பினார்கள்” என்பது அவர்களுடைய குறையின் சாரம். இதை அறியாமை என்று விமர்சகர்கள் தள்ளுவது நியாயமன்று. காசு கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. இடி முழக்கத்தைக் காட்டி அழைத்துவிட்டு இரங்கற்பாவைக் கேட்கச் செய்தால், அழைத்தவரிடமும் குற்றம் இருக்கிறது. விளம்பரம் படத்தின் பாதியை மறைத்தது என்பதை மறுக்க முடியாது. அந்த அளவில் ரஸிகர்களின் ஆக்ஷேபம் நியாயமே. ஆனால் விளம்பரத்தின் பேரில் வந்த கோபத்தைப் படத்தின் மீது காட்டுவது வேறு விஷயம்.

படத்தின் முடிவைப் பற்றி எழுந்த கூச்சலையும் கவனிக்க வேண்டும். கடைசி நிமிஷங்களில் மினுமினுக்கும் உடைகளும் வெளுத்த பொய்முடியுமாக ஒரு கூட்டம் குதித்து வந்து, கரணமடித்துச் சண்டையிடுகிறது. துக்கத்தின் பிறகு இந்தக் கோமாளிக் கூத்து எதற்கு என்று பல தேசத்தார் திகைத்தனர். பிரிட்டிஷ் ரஸிகர்களுக்கோ அந்த வேஷம் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. அது ஜிம்மி ஸாவிலின் வேஷம். பல்லாண்டுகள் டெலிவிஷனில் குழந்தைகளின் நண்பராகவும் தரும கைங்கரியங்களின் காவலராகவும் கொண்டாடப்பட்டு ‘ஸர்’ பட்டமும் பெற்ற அந்த மனிதர் 2011-ல் இறந்தார். எண்ணற்ற குழந்தைகளையும் பெண்களையும் அவர் கெடுத்த கொடுமை 2012-ல்தான் அம்பலமாயிற்று. படத்தின் கற்பனை உலகிலோ காலம் 2002-லேயே நின்றுவிட்டது. ஆகவே அங்கே அவர் முகமூடி கழலவே இல்லை. அனாதையாக வளர்ந்த பிள்ளைகள் அவரை இன்னும் வழிபடுகிறார்கள். உண்மை வெளிப்படாத ஒரு தேசத்தில் கயவர்களே தெய்வமாவார்கள் என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் கிடைப்பது அரிது. சிரித்தவர்களைக் காட்டிலும் முகம் சுளித்தவர்களே இதைச் சரியாகப் புரிந்துகொண்டனர் என்று சொல்வோம்.

தீவாரின் வாழ்க்கையும் இப்படிப்பட்டதே. பழைய யுத்தங்களின் காட்சிகளும், 1944-ல் வெளிவந்த ‘ஐந்தாம் ஹென்றி’ படத்தின் வில்லாளர்களும் சிறுவனின் பயணத்தினூடே மின்னி மறைகின்றன. கிப்ளிங்கின் சிப்பாயும் கூடவே நடக்கிறான். உலகத்தின் கால்பகுதியை ஆண்டவர்களின் வாரிசுகள், மதிலுக்குள் முடங்கி, மூதாதையர் புகழையே உணவாகக் கொண்டு, பிள்ளைகளுக்குக் கொலையைக் கல்வியாகப் போதிக்கிறார்கள். ஐரோப்பியக் கூட்டுறவை விட்டு விலகுவதென 2016-ல் வாக்களித்து 2020-ல் விலகிய தேசத்தில் இந்தக் கதைக்கு வேறு பொருள் கொள்வது கடினம். தன்னைத் தானே இவ்விதம் நோக்கும் துணிவு ஒரு வெகுஜனப் படத்திற்கு வந்தது மெச்சத் தக்கதே.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்திற்கு வருவோம். முதற்படத்தில் கதாநாயகன் தனியே நடந்த அதே வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தினருகே, பார்லிமெண்டுக்கு எதிர்க்கரையில் இன்று ஒரு நீண்ட சுவர் இருக்கிறது. கோவிட் நோயில் மாண்டவர்களுக்காக 2021-ம் வருஷம் மார்ச் மாதம் முதல் ஜனங்கள் தங்கள் கையாலேயே அதில் சிவப்பு இருதயங்களை வரைந்தனர். ஒரு உயிருக்கு ஓர் இருதயமாக, அவை 2 லக்ஷத்திற்கு மேற்பட்டவை. அந்த நாட்களில் எத்தனையோ பேர் பெற்றோரின் கடைசி மூச்சின்போது அருகில் இருக்க முடியவில்லை. முறைப்படி ஈமக்கடன் செய்யவும் முடியவில்லை. 2002-ல் கற்பனையாக இருந்த வெறிச்சோடிய வீதியை 2020-ல் உலகமே கண்ணால் கண்டது. அதற்குப் பிறகும் வெறும் ஓட்டத்தையும் ரத்தத்தையும் காட்டியிருந்தால் அது பிள்ளை விளையாட்டாகவே முடிந்திருக்கும். அந்த டாக்டரின் எலும்புக் கோபுரமும் ஆற்றங்கரையின் இருதயச் சுவரும் ஒரே வேலையைச் செய்கின்றன. செத்தவர்கள் எண்ணிக்கை அல்லர், மனிதர்கள் என்று அவை சொல்லுகின்றன. தாயை இழந்த சிறுவன் அவளை உரிய இடத்தில் வைத்து வணங்கும் அந்தக் காட்சி, அவ்விதம் செய்ய வாய்க்காதவர்களுக்காக எடுக்கப்பட்டது போலவே இருக்கிறது. அதைக் கண்டு கொட்டகையில் அழுதவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர்.

கேட்டதையே கொடுத்தால் ரஸிகர்கள் திருப்தியடைவார்கள் என்பதும் நிச்சயமில்லை. 2016-ல் வந்த ‘டிரெயின் டு பூஸான்’ என்ற கொரியப் படத்தை அந்நாட்டில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் கொட்டகைகளில் பார்த்தனர். தந்தைக்கும் மகளுக்கும் இடையிலுள்ள பாசமே அதன் உயிர். 2020-ல் வந்த அதன் தொடர்ச்சியில் வாகனங்களின் ஓட்டமும் துப்பாக்கிச் சண்டையும் பெருகின. பார்த்தவர்களோ முந்தியதன் உயிர் இதில் இல்லை என்று குறை கூறினர். இதற்கு மாறாக, 1985-ல் ஜார்ஜ் ரொமீரோ எடுத்த ‘டே ஆப் தி டெட்’ படம் வெளிவந்த சமயம், அவருடைய முந்திய படத்தைப் போல இல்லை என்று வரவேற்பில் குன்றியது. பின்னால் அதன் மதிப்பு வருஷந்தோறும் உயர்ந்தது. முதல் வாரத்தின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பன்று என்பதற்கு இவை சான்று.

இதே கதையின் அடுத்த பாகம் நியா டகாஸ்டா என்ற டைரக்டரின் கையால் 2026-ம் வருஷம் ஜனவரியில் வெளிவந்துவிட்டது. ‘எலும்புக் கோயில்’ என்பது அதன் பெயரின் பொருள். படமெடுப்பவர்களுக்கு நாம் கூறுவது ஒன்று: விளம்பரத்தில் உண்மை இருக்கட்டும், ஜனங்கள் உண்மையைத் தாங்குவார்கள். ரஸிகர்களுக்குக் கூறுவதும் ஒன்றே: பழைய பயத்தையே மீண்டும் தா என்று கேட்பது, பழைய காலத்தையே மீண்டும் தா என்று அந்தத் தீவார் கேட்பதற்கு ஒப்பாகும். இருபத்துமூன்று வருஷங்களில் உலகம் மாறியிருக்கிறது, நாமும் மாறியிருக்கிறோம். மாறாத ஒரு படத்தை எதிர்பார்ப்பது நமக்கே நியாயமாகுமா?