பன்னிரண்டாவது விலக்கு

அப்பா பைக்கில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர் கேட்டார்: "குடிப்பழக்கம் உண்டா?" அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர்."

மானத்துக்காகச் சொல்லவில்லை, இன்சூரன்ஸுக்காகச் சொன்னேன். கேஸ் ஷீட்டில் 'ஆல்கஹால்' என்று விழுந்தால் கிளெய்ம் சிக்கலாகிவிடும் என்று ஆபீஸில் கேள்விப்பட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு அப்பா டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். சுவரெல்லாம் பூச்சி ஊருது என்றார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். இருபது வருஷக் குடி சட்டென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் வரக்கூடிய டெலிரியம் அது. கவனிக்காவிட்டால் ஆளையே கொல்லும். முன்பே தெரிந்திருந்தால் லோராசெபாம், தயமின் என்று முதல் நாளே தொடங்கியிருப்பார்கள். தெரியவிடாமல் செய்தவன் நான்.

அப்பா பிழைத்தார். என் பொய்க்கு நான் நியாயம் தேடவில்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லவைத்த தாளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உங்கள் பாலிசியின் பிடிஎஃப்பைத் திறந்து விலக்குகள் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் பன்னிரண்டாம் எண்ணில் இருக்கும்: குடிக்கும் போதைக்கும் அடிமையானதற்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது, அதன் விளைவுகளுக்கும் கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. உடல்நோய்க்கு உள்ள காப்பீடு மனநோய்க்கும் வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. சட்டத்துக்கு இது நோய், பாலிசிக்குக் கெட்ட பழக்கம். கோட் எழுதுகிற நாங்கள் இதை பக் என்போம். யாருக்கோ லாபம் தருகிற பக்கை யாரும் சரிசெய்வதில்லை.

"தானா தேடிக்கிட்டதுதானே?" என்பீர்கள். மாரடைப்பு வந்தவரிடம் எத்தனை பரோட்டா தின்றாய் என்று கணக்கு கேட்டா பணம் கொடுக்கிறார்கள்? அதிலும் 2003 முதல் சில்லறை மதுவை டாஸ்மாக் வழியாக அரசே விற்கிற மாநிலம் இது. குடிக்க அரசுக் கடை உண்டு. நிறுத்தத்தான் கைக்காசு.

"அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாச்சே?" ஆமாம், எலும்பு முறிவுக்கும் அங்கே இலவசம்தான். அதற்கு மட்டும் ஏன் கம்பெனி கார்டு செல்லுகிறது?

கால் தேறியதும் அப்பா பத்து நாள் மனநலப் பிரிவில் இருந்தார். முழுச் செலவும் எங்களுடையது. அந்தப் பத்து நாள் வெறும் தொடக்கம். அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் கவுன்சிலிங்கும் உண்டு. நடுவில் ஒருமுறை சறுக்கினார், மறுபடி சேர்த்தோம். சர்க்கரை ஏறினால் மறுபடி சேர்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

பன்னிரண்டாவது விலக்கை நீக்க வேண்டும். நீங்கள் எச்ஆரில் இருந்தால், அடுத்த ரென்யூவலில் அதைக் கேளுங்கள். அதுவரை, டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பில்லுக்குக் கடன் வாங்கலாம்.