ஊரைக் கேட்டு வாங்குக

கடைக்குச் செல்லும் தமிழன் ஒரு பொருளைக் கையிலெடுத்தவுடன் விலையைக் கேட்கின்றான். கேட்டவுடன் குறைக்கச் சொல்கின்றான். குறைத்தவுடன் நிறத்தையும் பொலிவையும் பார்க்கின்றான். அப்பொருள் எவ்வூரில் எவர் கையால் ஆக்கப்பெற்றது என்பதை மட்டும் அவன் கேட்பதே இல்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஊரையும் உறவையும் ஒன்றுக்கு நான்கு முறை உசாவுகின்றவன், மாடு பிடிக்கச் சென்றாலும் எவ்வூர் மாடு என்று கேட்டுப் பல்லும் சுழியும் பார்க்கின்றவன், நாள்தோறும் வாயிலிடும் உணவுக்கும் உடலில் உடுத்தும் துணிக்கும் ஊர் கேளாமலேயே காசை எண்ணி வைக்கின்றான். எண்ணி வைத்த காசு எவ்வூர் அடுப்பை எரியச் செய்கின்றது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணமும் அவனுக்கு எழுவதில்லை.

கடலூர் முதுநகரிலும் தில்லையிலும் இக் கேளாமை வேரூன்றியிருப்பது பெரிதும் வியப்பிற்குரியது. ஒரு பொருளின் ஊரைப் பார்த்து வாங்குவதும், ஊரைப் பார்த்தே ஒதுக்குவதும் எத்துணைப் பெரிய ஆற்றல் என்பதைத் தன் நெசவாளர் வயிற்றால் அறிந்த கரை இது. 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழும்பு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கியை வெடித்து, குண்டு விழுந்த எல்லைவரை இருந்த ஊர்களையெல்லாம் அவ்விலைக்குள் அடக்கிக் கொண்டது. செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டவர்கள் அங்கிருந்து கொண்டு செய்த பெருவணிகம் துணி வணிகம். தறிக்காரன் நெய்தான், தரகன் முன்பணம் கொடுத்தான், கப்பல் ஏற்றிச் சென்றது.

சோழமண்டலக் கரைத் துணி இலண்டன் தெருக்களில் நிறைந்தபொழுது அந்நாட்டார் என்ன செய்தனர்? 1700-ஆம் ஆண்டுச் சட்டத்தால், அச்சிட்டும் வண்ணந்தீட்டியும் சாயமேற்றியும் கீழை நாடுகளிலிருந்து வந்த பருத்தித் துணியை அங்கு உடுத்தலாகாதென்று தடுத்தனர். அது போதாதென்று 1721-இல் இன்னொரு சட்டத்தை இயற்றி, தம் நாட்டிலேயே அச்சிட்ட பருத்தித் துணியையும் பெரும்பாலும் தடுத்தனர். உடுத்தியவர்க்கு 5 பவுண்டு தண்டம். விற்றவர்க்கு 20 பவுண்டு தண்டம். தம் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் பிழைக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் மேலாடையைக்கூட எவ்வூர்த் துணி என்று நோட்டமிட்டார்கள். தம் நாட்டில் பருத்தி ஆலைகள் தலையெடுத்த பின்னரே, 1774-இல், அத்தடையை நீக்கினர். அடுத்த நூற்றாண்டில் மான்செசுட்டர் ஆலைத்துணி இதே கரைகளில் வந்து இறங்கியபொழுது, இங்குள்ளவரைக் காக்க அப்படியொரு சட்டம் இல்லை. சட்டஞ் செய்யும் உரிமையும் இல்லை. இவ்வளவும் செய்தவர்கள்தாம் பின்னர் உலகுக்குக் கட்டற்ற வணிகத்தின் மேன்மையைக் கற்பித்தவர்கள் என்பதையும் இடையே நினைத்துக்கொள்ளலாம்.

ஊர்க்குறியின் வலிமைக்கு இன்னொரு சான்றும் அந்நாட்டிலேயே உண்டு. ஆங்கிலப் பொருள்போல் தோற்றங்காட்டி வரும் அயற்பொருள்கள் தாம் ஆக்கப்பெற்ற நாட்டின் பெயரைத் தாங்க வேண்டும் என்று 1887-இல் அங்கு ஒரு சட்டம் வந்தது. பெரிதும் செருமானியப் பொருள்களைக் கருதியே அது செய்யப்பெற்றது. 'செருமனியில் செய்தது' என்று கண்டால் மக்கள் விலகுவர் என்று எண்ணினர். செருமானியரோ பொருளின் தரத்தை உயர்த்தினர். விலக்குவதற்கென இட்ட குறியே விரும்பித் தேடும் குறியாக மாறிற்று.

தமிழ்நாட்டிலும் இவ்வுணர்ச்சி ஒருகால் கொழுந்துவிட்டு எரிந்தது. வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்க் குழும்பைப் பதிந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தமிழரின் காசில் கப்பல் ஓட்டினார். எதிரிக் குழும்பு கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் கட்டணமின்றியே ஏற்றிக் குடையும் ஒன்று கொடுத்தது என்பர். ஒரு குடையைக் காட்டினால் தமிழன் கப்பலை மாற்றிக்கொள்வான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1908-இல் சிதம்பரனார் சிறை புகுந்தார்; 1911-இல் குழும்பும் கலைந்தது. அந்தக் குடை மட்டும் இன்றுவரை மடங்கவில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று விலையின்றி என்று கடைவாயில்தோறும் விரிந்து நிற்பது அதுவேயாம்.

இனி, பழங்கதை விடுத்து இந்த மாவட்டத்தின் இற்றைப் பொருளொன்றைப் பார்க்கலாம். பண்ணுருட்டி முந்திரியின் பெயரை அறியாதவர் இல்லை. அம்மரம் பிரேசில் நாட்டினது. போர்த்துக்கீசியரால் 16-ஆம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதிக்கு வந்தது. வந்த மரம் பண்ணுருட்டிச் செம்மண்ணில் வேர்விட்டு, உழவர் தலைமுறைகளின் உழைப்பால் இம்மண்ணுக்கே உரியதாயிற்று. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. தென்னையும் வாழையும் விழுந்த துயரத்தைவிட இத்துயரம் நீளமானது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக் காண மூன்றாண்டு செல்லும். பழைய தோப்பின் விளைச்சலுக்கு அது வர இன்னும் பல்லாண்டு செல்லும். பாட்டன் நட்ட மரத்தைப் பெயரன் வெட்டி விறகாக்கி விற்றுவிட்டு மறுபடியும் கன்று நட்டான்.

அப்படி நட்டு வளர்த்தவன் கொட்டையைச் சந்தைக்குக் கொண்டு வரும்பொழுது, அவனுக்கு முன்பே ஆப்பிரிக்கக் கொட்டை மூட்டை மூட்டையாக வந்து கிடக்கின்றது. ஐவரி கோசுட்டு, பெனின், தான்சானியா முதலிய நாடுகளில் விளைந்த கொட்டையைக் கப்பலில் இறக்கி இங்கே உடைத்துப் பருப்பாக்கி விற்பது பன்னாள் வழக்கம். உள்நாட்டு விளைச்சல் உடைப்பாலைகளுக்குப் போதாமையால் நேர்ந்தது இது. இதனைக் குற்றமென்று கூறுவது நயன்மையன்று. அக்கொட்டையை அவிப்பதும் உடைப்பதும் தோல் நீக்குவதும் தரம் பிரிப்பதும் இவ்வட்டாரத்துப் பெண்டிரே. ஓட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்து கருகப் பெறும் அவர்தம் கூலியும் உள்ளூர்க் கூலியே. ஆனால் ஆப்பிரிக்காவில் விளைந்ததைப் 'பண்ணுருட்டி முந்திரி' என்று மட்டும் எழுதி, விளைந்த மண்ணை மறைத்து விற்பாராயின், அங்கே ஏமாறுவோர் இருவர். பண்ணுருட்டிச் சுவைக்கென்று விலை கொடுத்தவர் ஒருவர். புயலுக்குப் பின் கன்று நட்டுக் காத்திருந்த உழவர் மற்றொருவர். பெயர் அவருடைய மண்ணினது. பெயரால் வரும் விலை மட்டும் பிறர்க்குப் போகின்றது.

பண்ணுருட்டி முந்திரிக்கும் பலாவிற்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறித்த எல்லைக்குள் தோன்றிய பொருளுக்கே அப்பெயர் உரியது. பதிவுபெற்றவரே அக்குறியை இட்டு விற்கலாம். அதைப் பதியும் அலுவலகம் சென்னையில்தான் இருக்கின்றது. ஆனால் குறி என்பது பொதியின்மேல் இருப்பது. பெருவழிச் சாலையோரக் கடையில் அளந்து கட்டித்தரும் பருப்புக்குப் பொதியும் இல்லை, குறியும் இல்லை. அங்கே வாங்குவோரின் வாய்தான் குறி. 'இஃது இவ்வூர்த் தோப்புக் கொட்டையா, இறக்குமதிக் கொட்டையா?' என்று பத்துப் பேர் அடுத்தடுத்துக் கேட்டால், பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே தனித்தனித் தட்டில் வைத்துக் காட்டுவார்.

பொதிந்த பொருளாயின் படிக்கத் தெரிய வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொதிபொருள் விதிகளின்படி, செய்தவர் பெயரும் முகவரியும் பொதியின்மேல் இருத்தல் வேண்டும். செய்தவர் வேறு, பொதிந்தவர் வேறு என்றால் இருவர் பெயரும் வேண்டும். இறக்குமதியாயின் இறக்கியவர் முகவரியும் பொருள் பிறந்த நாடும் வேண்டும். இணையவழி விற்போரும் பிறந்த நாட்டைக் காட்ட வேண்டும் என்று 2020-இல் விதித்தனர். பெரிய எழுத்தில் முகப்பில் மின்னும் பெயர் பெரும்பாலும் சந்தைப்படுத்துபவரின் பெயரே. செய்தவர் பெயர் பின்புறத்து மடிப்பில் எறும்பு ஊர்ந்த தடம்போல் கிடக்கும். அதைத் தேடிப் பிடித்து முகவரியின் ஈற்றிலுள்ள அஞ்சல் எண்ணைப் பார்க்க. கடலூர்ப் பகுதியாயின் 607 என்றும், தில்லைப் பகுதியாயின் 608 என்றும் அது தொடங்கும். உணவுப் பொருளில் 14 இலக்க உரிம எண் ஒன்று உண்டு. அதன் இரண்டாம் மூன்றாம் இலக்கங்கள் 24 என்றிருந்தால் அவ்வுரிமம் தமிழ்நாட்டில் பெற்றது. 00 என்றிருந்தால் நடுவணரசு கொடுத்தது. ஆனால் கோட்டுக் குறியீட்டின் கீழே 890 என்று தொடங்கினால் இந்நாட்டுப் பொருள் என்று பலரும் நம்புவது பிழை. அக்குறியீட்டைப் பெற்ற நிறுவனம் இந்தியாவில் பதிந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பொருள் எங்கே பிறந்தது என்பதை அது காட்டவே காட்டாது.

'இந்தியாவில் செய்தது' என்னும் தொடரும் தமிழர்க்குப் பாதி விடையே. குசராத்தில் செய்ததும் குறிஞ்சிப்பாடியில் செய்ததும் அத்தொடருக்கு ஒன்றே. குறிஞ்சிப்பாடித் தறிக்காரர்க்கோ இரண்டும் ஒன்றல்ல. கைலி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கைலி, சேலை, வேட்டி முதலியவற்றுள் சிலவகைகள் கைத்தறிக்கே உரியன என்று 1985-இல் சட்டம் வந்தது. முதலில் 22 பொருள்கள், பின்னர் 11 என்று சுருங்கின. எதிர்த்து வழக்காடினர், 1993-இல் உச்சநயன்மன்றம் சட்டம் செல்லும் என்றது. சட்டம் சென்றது, விசைத்தறித் துணியும் கைத்தறி என்னும் பெயரில் தொடர்ந்து சென்றுகொண்டே இருக்கின்றது. கைத்தறிக்கென்று 2006-இல் ஏற்படுத்திய குறித்துண்டு துணியில் தைத்திருக்கின்றதா என்று பார்த்து வாங்குவோர் எத்தனைப் பேர்? கைத்தறித் துணியில் இழைக்கு இழை சிறு வேறுபாடு காணும். அதனைக் குறையென்று தள்ளிவிட்டு, ஆலைத்துணியின் ஒரே சீரை அழகென்று எடுப்பார் உளர். கைபட்டதன் அடையாளமே அவ்வேறுபாடு என்று அவர்க்கு எவரும் சொன்னதில்லை போலும்.

உள்ளூர்ப் பொருள் என்ற ஒன்றுக்காகவே எதையும் தலைமேல் கொள்ள வேண்டுவதில்லை. முதுநகரை அடுத்த சிப்காட் தொழிற்பேட்டையில் ஆக்கப்பெறுவனவும் முகவரியால் உள்ளூர்ப் பொருள்களே. அவற்றின் ஆதாயம் எங்கோ போக, நாற்றமும் நச்சுநீரும் உப்பனாற்றங்கரை ஊர்களிலேயே தங்கின என்பதை அங்குள்ள மீனவர் அறிவர். ஊரைக் கேட்பவர் உழைப்பவர் நிலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதுபோன்றே, உள்ளூர்க்காரர் என்னும் உரிமையால் எடை குறைத்தும் மட்டமான நூல் கலந்தும் விற்பவர்க்குப் பரிவு காட்டுவதும் பிற நெசவாளர்க்கும் உழவர்க்கும் செய்யும் கேடே.

இவையனைத்திற்கும் மேலாக ஒரு முட்டுக்கட்டை இருக்கின்றது. பொதியின்மேல் எழுத வேண்டியவற்றை இந்தியில் தேவநாகரி எழுத்தாலேனும் ஆங்கிலத்தாலேனும் எழுத வேண்டும் என்பதே நடுவணரசின் விதி. உணவுப் பொருளுக்கும் அதுவே விதி. முதுநகர்க் கடைத்தெருவில் தன் குழந்தைக்கு ஒரு பொட்டலம் வாங்கும் தாய் தமிழ் மட்டுமே படித்தவளாயின், அதில் என்ன கலந்திருக்கின்றது, எங்கே செய்தது, எந்நாளோடு கெடும் என்பவற்றுள் ஒன்றையும் அவள் படித்தறிய முடியாது. கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கின்றது. பலகைக்குக் கீழே அடுக்கியிருக்கும் பொருளுக்கு அவ்விதி இல்லை. படிக்கவியலாத குறியைப் பார்த்து வாங்குக என்பது குருடரைக் கண்ணாடி பார்க்கச் சொல்வதை ஒக்கும். தமிழ்நாட்டில் விற்கும் பொதியில் தமிழும் கட்டாயம் என்று விதி திருத்தப்பட வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு அரசும் தமிழ்நாட்டுப் பேராளரும் தில்லியில் வாய் திறக்க வேண்டும்.

அதுவரை கைகட்டியிருக்கவும் தேவையில்லை. இந்தியோ ஆங்கிலமோ இருப்பதோடு வேறு மொழியையும் சேர்த்து எழுதுவதை அவ்விதி தடுக்கவில்லை, வெளிப்படையாகவே இடந்தருகின்றது. பண்ணுருட்டியில் பருப்புப் பொதிகின்றவரும், குறிஞ்சிப்பாடி, புவனகிரி நெசவாளர் கூட்டுறவுக் கழகத்தாரும், வண்டிப்பாளையத்தில் மண்பொம்மை செய்து விற்போரும், 'விளைந்த ஊர் இது, செய்த ஊர் இது' என்று தமிழில் இரண்டு வரி அச்சிட எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. அச்சுக்கூடங்கள் கடலூரிலும் உண்டு, தில்லையிலும் உண்டு.