துரையின் தமிழும் பிள்ளையின் ஆங்கிலமும்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும், சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களிலும் வாழும் நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது: தமிழ் நாவின் சாயல் துளியும் ஒட்டாமல் ஆங்கிலம் உச்சரிப்பவனே கல்விமான்; சாயல் தெரிந்துவிட்டால், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அவன் ‘எஸ்டேட் ஆள்’தான். கிளினிக்கில் தன் நோயை ஆங்கிலத்தில் தானே விளக்கிய சிறுவனின் வாயில் காய்ச்சல் ‘பீவர்’ என்று விழுந்துவிட்டால், டாக்டர் அதைப் புரிந்துகொண்டு மருந்தும் எழுதிவிடுகிறார். பக்கத்திலிருக்கும் தாய்தான் கூசிப்போய், ‘ஃபீவர்டா’ என்று அவன் தொடையில் கிள்ளுகிறாள்.

இந்தக் கூச்சம் மொழியறிவின் விளைவன்று. தோட்டத் தொழிலாளரை விடியலில் வரிசையாய் நிறுத்தி ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களத்தின் எச்சம். 1909இல் கெடா பிரிட்டிஷார் ஆதிக்கத்தின்கீழ் வந்தபின் பெருகிய ரப்பர்த் தோட்டங்களில், உச்சியில் வெள்ளைக்காரத் துரையும், அவருடைய பாஷையறிந்த கிராணி என்னும் எழுத்தர் அடுத்தபடியிலும், வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதற்குக் கீழுமாக, அடிப்படியில் பால்வெட்டுத் தொழிலாளி நின்றான். அந்தத் துரைமாரும் தமிழ் கற்க வேண்டியிருந்தது. ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே அவர்களுக்குக் கைநூல் அச்சாயிற்று. லகர, ளகர, ழகரங்களை ஒன்றாய்க் குழைத்து, வா, போ என்ற ஏவலையே இலக்கணமாய்க் கொண்டு அவர்கள் பேசிய தமிழைக் கேட்டு, துரைக்கு அறிவு போதாது என்று எவரேனும் தீர்ப்புச் சொன்னதுண்டா? அவர்களுள் பலர் ஸ்காட்லாந்துக்காரர்; அவர்களுடைய ஆங்கிலமே லண்டன் ஆங்கிலத்தின் ஓசையுடையதன்று. ஆகவே நாம் அன்று அளந்ததும், இன்று அளப்பதும் நாவை அன்று, ஸ்தானத்தை.

1942இல் இதே கெடாவின் பீடோங்கில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிக்கு மாறிய கே. எஸ். மணியம், 1981இல் ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பாட்டியின் கதையோடு தொடங்கி, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் அல்லலையும் வழிபாட்டையும் சொல்லும் அந்நூல் மலேசிய ஆங்கில இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றிருக்கிறது. பிறந்த மண்ணின் சாயலை மறைத்தா அவர் அந்த இடத்தைப் பெற்றார்?

உச்சரிப்பே வேண்டாம் என்பதன்று என் வாதம். பொருள் மயங்கும் இடத்தில் ஆசிரியர் பொறுமையாய்த் திருத்தத்தான் வேண்டும். ஆனால், பொருள் விளங்கிய பிறகும் ஓசைக்காக நகைப்பது பிள்ளையின் வாயை அடைக்கிறது. வாயடைத்த பிள்ளை வாசிப்பையும் வினாவையும் விட்டொதுங்குகிறது. பிழையாகவேனும் பேசுகிறவன் நாளை திருந்திப் பேசுவான். ஏளனத்துக்கு அஞ்சிப் பேசாதிருப்பவனைத் திருத்த எந்த ஆசிரியராலும் ஆகாது.