நூலகருக்குக் கணக்கும் தெரிய வேண்டும்

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்கு முன் கணித ஆசிரியர். நூல்களைப் பகுத்து அடுக்கியதோடு நூலகம் திறந்திருக்கும் நேரம், ஊழியர் பணிப்பங்கீடு, வரவு செலவு என நிர்வாகத்தையும் அவர் ஓர் இயலாகவே கருதினார். நம் நூலகப் பயிற்சியில் இந்தப் பாதி மெலிந்து கிடக்கிறது.

1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரி, சொத்து வரியோடு சேர்ந்து உள்ளாட்சிகளில் வசூலாகிறது. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு வந்து சேர்ந்தால்தான் பத்திரிகைச் சந்தாவும் மின் கட்டணமும் கட்ட முடியும். நிலுவையைக் கணக்கெடுத்து, ஆணையரிடம் கோப்போடு போய் நின்று கேட்கத் தெரிந்த நூலகர் எத்தனை பேர்?

கிளை நூலகங்களில் ஒருவரே பூட்டைத் திறந்து, நூல் வழங்கி, பதிவேடும் எழுதுகிறார். காலையிலேயே போட்டித் தேர்வு இளைஞர்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து எல்லா நாற்காலிகளையும் பிடித்துவிடுகிறார்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர் நின்றபடி புரட்டுகிறார். இருவரில் யாரையும் விரட்டாமல் இடத்தையும் நேரத்தையும் பிரிப்பதுதான் நிர்வாகம். தணிக்கையில் கேள்வி வருமே என்று செல்லரித்த நூல்களைக்கூடக் கழிக்காமல் வைத்திருப்பது நிர்வாகமல்ல, பயம். (பயத்துக்கு நியாயமும் உண்டு: காணாமற்போன நூலுக்கு நூலகரே பொறுப்பு.)

வாசகர் வட்டத்தைக் கூட்டுவது, புரவலர்களைச் சேர்ப்பது, கணினிப் பட்டியலைப் பராமரிப்பது ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு வாரமாவது பணியிடைப் பயிற்சி வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் பயிற்சியை மட்டும் அறிவித்தால், அந்த ஒரு வாரமும் நூலகம் பூட்டித்தான் கிடக்கும்.