"எதிர்பார்க்கிறேன்" என்று எழுதும்போது...

வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதுவது வழக்கம். "ஐ லுக் பார்வர்டு டு ஹியர் பிரம் யூ" என்பதே அது. 'தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்' என்று பொருள். பணிவான வரிதான். ஆனால் பிழையான வரி. "ஹியர்" அல்ல, "ஹியரிங்" என்றே எழுத வேண்டும்.

காரணம் என்ன? "ஐ வான்ட் டு ஹியர்" என்பதில் வரும் "டு" வினையைச் சேர்ந்தது. "லுக் பார்வர்டு டு" என்பதில் வரும் "டு" அப்படிப்பட்டதல்ல. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை அது செய்கிறது. உருபு பெயரோடுதானே சேரும்? 'கேட்பதை எதிர்பார்க்கிறேன்' எனலாம். 'கேட்கவை எதிர்பார்க்கிறேன்' என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? சந்தேகம் வந்தால், வினையை எடுத்துவிட்டு "இட்" என்ற சொல்லைப் போட்டுப் பார்க்கலாம். "லுக் பார்வர்டு டு இட்" பொருந்தும். "வான்ட் டு இட்" பொருந்தாது. பொருந்தும் இடத்தில் வினைக்கு "இங்" தேவை.

இந்தப் பிழையைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. நகைக்க வேண்டியதில்லை. இலக்கணம் தவறினாலும் எழுதியவரின் கருத்து விளங்கிவிடுகிறது. கருத்தையே கெடுக்கும் பிழை வேறொன்று இருக்கிறது. முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

தமிழில் 'எதிர்பார்' என்ற சொல் நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. கல்யாணத்தையும் எதிர்பார்க்கலாம், புயலையும் எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தில் அப்படியல்ல. "லுக் பார்வர்டு டு" மகிழ்ச்சியோடு காத்திருப்பதற்கே உரியது. புயலுக்கு "எக்ஸ்பெக்ட்" என்ற சொல்தான் பொருந்தும்.

தந்தை சாகக் கிடக்கிறார். மகன் மேலதிகாரிக்கு லீவுக் கடிதம் எழுதுகிறான். 'எந்த நேரத்திலும் முடிவை எதிர்பார்க்கிறோம்' என்று சொல்ல நினைத்து, தெரிந்த தொடரைப் போட்டுவிடுகிறான். படிப்பவருக்கு எப்படி இருக்கும்? தகப்பன் எப்போது கண்ணை மூடுவான் என்று பிள்ளை ஆசையோடு காத்திருப்பதாக அல்லவா தோன்றும்!

மரபுத் தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் வரும் வினை இது. ஒரு தொடருக்கு நேரான தமிழ்ச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதை எந்த மனநிலையில் சொல்வார்கள் என்பதையும் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். "இங்" விட்டுப்போனால் ஒரு மதிப்பெண்தான் போகும். உணர்ச்சி மாறிப்போனால் மனிதனையே தவறாக எடை போட்டுவிடுவார்கள்.